எழுதி ஏவும் கணினியும் கடற்கரை மாணவரும்

கணினி என்றவுடன் இக்காலத்து மாணவரின் மனக்கண்முன் தோன்றுவது வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு திரையே. தொட்டால் திறக்கும், தள்ளினால் நகரும், அழுத்திப் பிடித்தால் வேறொன்றைக் காட்டும். எழுத்தறியாக் குழவியும் அதனை இயக்கவல்லது என்பதை வீடுதோறும் காண்கின்றோம். இவ்வெளிமையை இகழ்வது எமது நோக்கமன்று. ஆயினும், இப்படத்திரைக்கு முன்னர்க் கரிய திரையொன்று வழங்கியதென்பதையும், அதில் படமின்றிச் சொல்லே கருவியாகக் கணினி ஏவப்பட்டதென்பதையும், அவ்வாறு ஏவும் கலை இன்றும் நம் மாணவர்க்கு, சிறப்பாகத் தமிழ்வழிக் கல்வி பெற்றுக் கடற்கரைச் சிற்றூர்களினின்றும் கல்லூரிக்கு வருவோர்க்கு, மிகவும் பயன்படுவதென்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1974-ஆம் ஆண்டளவில் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் சிறு கணினிகளுக்கென ‘சி.பி.எம்.’ என்னும் இயங்குதளமொன்றை ஆக்கினார். அதன் போக்கைத் தழுவி, சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பேட்டர்சன் 1980-இல் வேறொன்றை எழுதினார். அவசரத்தில் செய்த அரைகுறை வேலை என்னும் பொருள்பட அதற்கு விளையாட்டாக ஒரு பெயரும் வழங்கிற்று. அவ்வரைகுறை வேலையே, மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் விலைக்கு வாங்கப்பெற்றுத் திருத்தமுற்று, 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியோடு உலகமெங்கும் பரவி ‘டாஸ்’ எனப் பெயர் பெற்றது. 1994-இல் வந்த 6.22 என்னும் பதிப்பே மைக்ரோசாப்ட் தனித்து விற்ற டாஸின் இறுதிப் பதிப்பு. மறு ஆண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 வரவே, கரிய திரை பின்னணிக்குச் சென்றது. நம் பழைய மாணவருள் அக்காலத்தில் கணினி பயின்றோர், காலணியை வாயிலில் கழற்றிவிட்டுக் கோயிலுட் புகுவார்போலக் குளிரூட்டிய அறைக்குட் புகுந்ததை இன்னும் மறந்திரார்.

அத்திரையிற் காணப்படுவது மிகச் சிறிது. வட்டின் பெயராகிய ‘சி’ என்னும் ஆங்கில எழுத்து; அதனையடுத்து ஓர் அம்புமுனை; அதன்பின் விட்டுவிட்டு மின்னும் ஒரு சிறு கோடு. அவ்வளவே. என்ன செய்யலாமென்று அது காட்டாது. என்ன வேண்டுமென்று கேட்டு நிற்கும். ‘டிர்’ என்று எழுதினால் வட்டிலுள்ள கோப்புகளின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றை வரிசையாகத் தரும். ‘காப்பி’ என்றால் படியெடுக்கும்; ‘ரென்’ என்றால் பெயர் மாற்றும்; ‘டைப்’ என்றால் கோப்பிலுள்ளதைத் திரையில் எழுதிக் காட்டும்; ‘டெல்’ என்றால் அழிக்கும். கோப்பின் பெயர் எட்டெழுத்துக்கு மேற்படலாகாது. வாலாக மூன்றெழுத்து வரலாம். இடையில் வெளி விடலாகாது. நட்சத்திரக் குறியொன்றை இட்டால் அஃது எப்பெயரையும் குறிக்கும். ஆகவே ஒரே வரியில் நூறு கோப்புகளை ஏவலாம்.

பிழைபட எழுதினால், கட்டளையோ கோப்பின் பெயரோ சரியன்று என்னும் பொருளில் ஒரே வரி விடை வரும். இவ்விடையில் முகமன் இல்லை. இரண்டனுள் எது பிழையென்று பிரித்துச் சொல்லாததொரு குறையும் உண்டு. எனினும், இக்காலக் கருவிகள் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று இன்மொழி கூறி நழுவுவதினும் இது மேலென்பது எம் கருத்து. எழுதியவன் தன் வரியைத் தானே மீண்டும் எழுத்தெழுத்தாக நோக்குவான். நோக்கினாற் பிழை கிட்டும்.

இனி, இக்கலையைப் பற்றி நம் மாணவரிடையே வழங்கும் ஓர் அச்சத்தை ஆராய்வாம். “கட்டளைகள் யாவும் ஆங்கிலம், ஆங்கிலத்தில் வல்லவர்க்கே அவை கைவரும், நாங்களோ தமிழ்வழியிற் படித்தவர்கள்” என்று கூறிப் பலர் அக்கரிய திரையைத் தேர்வுத்தாளாகக் கருதி ஒதுங்குகின்றனர். இவ்வச்சம் அடிப்படையற்றது. டாஸின் கட்டளைச் சொற்களுள் அன்றாடம் வேண்டப்படுவன இருபதுக்கு மேற்படா. அவையும் ஆங்கிலமென்பதினும் ஆங்கிலச் சொற்களின் துண்டுகளென்பதே பொருந்தும். அவற்றுக்கு வேற்றுமை இல்லை, காலமும் இடமும் இல்லை, மரபுத்தொடர் இல்லை, உச்சரிப்பைக் கேட்டு நகைப்பாரும் இல்லை. ஆங்கிலத்தில் மேடையதிரப் பேசவல்லான் ஒருவன் இடைவெளியொன்றைத் தவறவிட்டால் கணினி அவனுக்கு இணங்காது. ஆங்கில வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்தவன் செப்பமாக எழுதினால் உடனே பணியும். கல்லூரி வாழ்வில் இத்துணை நடுநிலையான தேர்வாளர் வேறொருவரைக் காண்டல் அரிது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்திலுள்ள ஜெகதாப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணைக் கடலை நோக்கிய மீன்பிடித் துறையூர் அது. அண்டையில் கோட்டைப்பட்டினம் உளது. அவ்வூர்களினின்றும் கல்லூரிக்கு வரும் மாணவன், இருபது சொற்களைக் கற்க அஞ்சுகின்றேன் என்பானாயின் அவன் தந்தையார் நகைப்பார். காற்று ஒன்றற்கே கடலோடிகள் எத்தனை பெயர் வழங்குகின்றனர்! வடக்கினின்று வருவது வாடை; கிழக்கினின்று வருவது கொண்டல்; தெற்கினின்று சோழகம்; மேற்கினின்று கச்சான். இவற்றோடு வலையின் வகையும், கயிற்றின் பெயரும், நீரோட்டத்தின் குறியும், மீனின் இனமும் சேர்ந்து ஒரு பேரகராதியாகும். அதனை ஏட்டிற் காணாமலே இளமையிற் கற்றவன் முன்னர் டாஸின் சொற்றொகுதி எம்மாத்திரம்?

சொல்லின் செப்பமும் அவர்களுக்குப் புதிதன்று. இக்காலத்துப் படகுகளிற் செயற்கைக்கோள் வழியே இடமறியும் ஜி.பி.எஸ். கருவி உளது. ஓரிடத்தைக் குறித்து வைத்து மீண்டும் அங்குச் செல்ல வேண்டின், அதன் அகலக்கோட்டையும் நெட்டாங்கையும் பாகை, கலை என எண்களாக அதிற் பதிக்கலாம். அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல்; அதாவது 1,852 மீட்டர். கலையின் இறுதி இலக்கமொன்றை மாற்றியழுத்தினால் ஒரு கடல் மைலேனும் பிழைபடும். பாகையில் ஒன்று தவறினால் அறுபது கடல் மைல் பிழைபடும். 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே கடலில் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அப்பகுதியிற் செல்கின்றது. அதனைத் தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படையினர் மீனவரைச் சிறைப்பிடிப்பதும் படகைக் கைக்கொள்வதும் ஜெகதாப்பட்டினத்தார் பலமுறை கண்ட துயரம். அவ்வெல்லையினருகே எண்ணைப் பிழையின்றி எழுதுவது படிப்பாளியின் பொழுதுபோக்கன்று. எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை நோக்கி, அதன் பின்னரே ஏவுதற்குரிய விசையை அழுத்தும் வழக்கம் அங்கு உயிரோடும் உடைமையோடும் பிணைந்தது. அவ்வழக்கமுடைய குடியிற் பிறந்தவனுக்குக் கட்டளை வரி அயலாருடைய பொருளன்று.

இதுகாறும் அச்சம் போக்கினோம்; இனிப் பயன் கூறுவாம். படத்திரை பலவற்றை நமக்காகச் செய்கின்றது. செய்யுங்கால் அவற்றை மறைத்தும் விடுகின்றது. எழுதி ஏவுபவனோ கணினியின் அடுக்களைக்குள்ளேயே நிற்கின்றான். ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரித்துரைப்போம். கோப்பொன்றை ‘டெல்’ என்னுங் கட்டளையால் அழிக்கின்றோம். அது வட்டினின்றும் துடைக்கப்பட்டதென்று எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. டாஸ் செய்வது இரண்டே செயல். பெயர்ப்பட்டியலில் அக்கோப்பின் பெயருடைய முதலெழுத்தை மட்டும் நீக்கி அவ்விடத்தில் ஒரு குறியை இடுகின்றது. பின்னர், அக்கோப்பு தங்கியிருந்த அறைகள் இனி வெற்றிடம் என்று வட்டின் கணக்கேட்டிற் பதிந்துகொள்கின்றது. உள்ளே எழுதப்பட்டவை அனைத்தும் வேறொரு கோப்பு வந்து அவ்விடத்தைக் கொள்ளும்வரை அங்ஙனமே கிடக்கும். வீட்டை இடிக்காமல் வாயிலிலுள்ள பெயர்ப்பலகையைச் சிதைத்ததற்கு ஒப்பாகும் இது.

இதனை அறிந்தோர் அழிந்த கோப்பை மீட்கும் செயலிகளை எழுதினர். 1991-இல் வெளிவந்த டாஸ் ஐந்தாம் பதிப்பிலேயே ‘அன்டெலீட்’ என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. அக்கட்டளையை இட்டால் டாஸ் ஒரு வினா வினவும்: இக்கோப்பின் பெயருக்கு முதலெழுத்து யாது? நாம் அவ்வோரெழுத்தைத் தந்தால், அறைகள் வேறு கோப்பாற் கொள்ளப்படாதிருப்பின், கோப்பு மீளும். கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் மீட்சி ஐயத்துக்குரியது. இவ்வுண்மையைத் தானே செய்து கண்ட மாணவன் இரண்டு பாடங்களைப் பெறுவான். நீக்கியது போய்விட்டதென்று நம்பிப் பழைய வட்டையுடைய கணினியைப் பிறர்க்கு விற்றல் தகாதென்பது ஒன்று. தவறுதலாக நீக்கியவுடன் வேறொன்றும் அவ்வட்டில் எழுதாது கையை எடுத்துக்கொள்ளல் வேண்டுமென்பது மற்றொன்று. குப்பைத்தொட்டிப் படமொன்றைச் சுட்டியால் தொட்டு எத்தனை ஆண்டு பழகினும் இவ்வறிவு தானே வாராது.

தமிழர்க்கு இக்கலையைக் கற்கத் தனித்ததொரு காரணமும் உண்டு. நம் மொழி கணினியில் எழுதப்பெற்ற தொடக்க காலத்து முயற்சிகள் பல டாஸ் மீதே நிகழ்ந்தன. கனடாவில் வாழ்ந்த முனைவர் ஸ்ரீநிவாசன் 1984-இல் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியைத் தொடங்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றிப் பின்னர்ப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பெற்ற ‘ஜிஸ்ட்’ அட்டை, கணினியினுள்ளே செருகப்பட்டு, டாஸ் திரையில் இந்திய எழுத்துகளைத் தோற்றுவித்தது.

இவர்கள் எதிர்கொண்ட இடரை இன்றைய மாணவர் உணர்தல் நலம். டாஸ் திரை எண்பது பத்தியும் இருபத்தைந்து வரியுமாகப் பகுக்கப்பட்ட கட்டங்களாலானது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கில ‘ஐ’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் அகலம் ஒன்றே. நம் ணகரமும் ஞகரமும் அச்சிறு கட்டத்தில் எங்ஙனம் அடங்கும்? எழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்ட இடமோ 256. அதிலும் முற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய பாதியில், கோடும் கட்டமும் கிரேக்க எழுத்தும் இருந்தவிடத்தில், நம் எழுத்துகள் குடியேற வேண்டியிருந்தது. குடியேற்றிய ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான வரிசையில் குடியேற்றினர். விளைவு யாதெனின், ஒரு செயலியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் வெறுங் குப்பையாகத் தோன்றிற்று. விண்டோஸ் வந்தபின்னும் எழுத்துருக்கள் பெருகி இக்குழப்பத்தை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தும், அது நடைமுறைக்கு வரக் காலம் சென்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகள் வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்.

ஆகவே, ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலத்தில் தமிழர் கணினியில் எழுதியவற்றுள் ஒரு பகுதி, பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகளில், இன்று திறந்தால் விளங்காத குறியீடுகளிற் கிடக்கின்றது. சங்கங்களின் அறிக்கை, ஆய்வேடு, திருச்சபைப் பதிவு, அச்சகங்கள் கோத்த நூல், கல்லூரி மலர் என்பன அவற்றுள் அடங்கும். ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலும் எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் விட்டமையால், உ. வே. சாமிநாதையர் முதலியோர் ஒவ்வொரு சொல்லையும் பொருள்நோக்கித் துணிய வேண்டியிருந்தது. அவர்தம் உழைப்பின்றேல் 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. ஓலையாவது முந்நூறு ஆண்டு தாங்கும். காந்தப் பூச்சுடைய நெகிழ்வட்டோ பூஞ்சையும் ஈரமும் படிந்தால் ஒரு தலைமுறைக்குள் பயனற்றுப் போகும். கடற்கரைக் காற்றில் இதனை விளக்க வேண்டுவதில்லை. இரும்பே அங்கு நில்லாது.

அவற்றை மீட்கும் வேலை சுட்டியைக்கொண்டு செய்யத்தக்கதன்று. ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, சேமித்து, மூட ஒருவன் ஒரு மாதம் அமர்ந்திருக்க வேண்டும். கட்டளை வரியிலோ, குறியீடு மாற்றும் செயலியொன்று கையில் இருப்பின், ‘ஃபார்’ என்னும் சொல்லைத் தலைப்பிலிட்ட ஒரே வரியால் அவ்வாயிரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்செயலியிடம் அனுப்பலாம். அது முடியும்வரை எழுதியவன் தேநீர் பருகிவரலாம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலில் சுவிட்சர்லாந்து வாழ் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள், தமிழ் நூல்களைப் பழைய குறியீடுகளில் தட்டச்சு செய்து, பின்னர் யூனிகோடுக்குக் கொணர்ந்து உலகுக்கு இலவசமாக வழங்கியதை அறிவோம். அத்தொண்டு இன்னும் எஞ்சியுளது. அதற்கு வேண்டிய கைகள் நம் கல்லூரியிலிருந்தும் செல்லுதல் கூடாதா?

“டாஸ் மாண்டு முப்பதாண்டாயிற்று, இறந்த குதிரைக்கு லாடம் அடிப்பதா?” என்று வினவுவார் உளர். இக்கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. டாஸில் இணையமில்லை, ஒரே நேரத்தில் ஒரு செயலே ஓடும், 640 கிலோபைட் என்னும் நினைவக எல்லையில் மூச்சுத் திணறியவர் பலர். அன்றாட அலுவலுக்கு அதனை எவரும் மீண்டும் கைக்கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் எழுதி ஏவும் முறை மாளவில்லை. விண்டோஸிலேயே கட்டளைக்கெனத் தனிச் சாளரம் ஒன்று இருக்கின்றது. ‘டிர்’, ‘காப்பி’ முதலிய பழைய சொற்கள் அதில் இன்றும் செல்லும். 1969-இல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் மரபில் வந்தது லினக்ஸ். உலகின் தலைசிறந்த ஐந்நூறு மீக்கணினிகளும் 2017 நவம்பர்ப் பட்டியல் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. இணையத்தின் பின்னே நிற்கும் வழங்கிகளுட் பெரும்பாலானவற்றைக் காப்போர், படமற்ற கரிய திரையில் எழுதியே காக்கின்றனர். வேலை நாடிச் செல்லும் நம் பட்டதாரிகளிடம் கேட்கப்படுவதும் அத்திறமே.

அங்ஙனமாயின் லினக்ஸையே நேரே கற்பிக்கலாகாதோ எனின், கற்பிக்கலாம்; பின்னர்க் கற்பித்தே ஆக வேண்டும். முதற்படிக்கு டாஸே ஏற்றதென்போம். அது சிறிது, ஒரு மாணவன் தொடக்கமுதல் இறுதிவரை முழுமையாக அறிந்து முடிக்கத்தக்க இயங்குதளம். அதில் எல்லாம் கெட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. மீண்டும் நிறுவச் சில நிமிடமே செல்லும். அதன் அகத்தையும் இன்று காணலாம். முதற்பதிப்புகளின் மூலநிரலை மைக்ரோசாப்ட் 2014-இல் ஓர் அருங்காட்சியகத்தின் வாயிலாகவும், 2018-இல் கட்டற்ற உரிமத்தோடும் வெளியிட்டது. நான்காம் பதிப்பின் நிரலை 2024-இல் வெளியிட்டது. இஃதன்றி, 1994-இல் ஜிம் ஹால் என்னும் மாணவர் தொடங்கிய ‘ஃப்ரீடாஸ்’ என்பதும், இக்காலக் கணினிக்குள்ளேயே பழைய கணினியைத் தோற்றுவிக்கும் ‘டாஸ்பாக்ஸ்’ என்பதும் விலையின்றிக் கிட்டுகின்றன. ஓர் இயங்குதளத்தை எழுதத் துணிந்தவர் அன்று கல்லூரி மாணவரே என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்க.

ஆகவே எமது வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் கீழைக்கடலில் விசைப்படகுகள் கடலிற் செல்லல் ஆகாதென்பது அரசின் தடை. அந்நாட்களில் ஜெகதாப்பட்டினத்தின் படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும்; கல்லூரிக்கும் கோடை விடுமுறை. அவ்விடைக்காலத்தில் மூன்று வாரமேனும் நம் கணினித் துறையார் அவ்வூரிலோ, கோட்டைப்பட்டினத்திலோ, ஒரு பள்ளியறையை இரவல் பெற்று இக்கலையைக் கற்பித்தல் வேண்டும். கழித்துப்போட்ட கணினிகள் நம் கல்லூரிக் கிடங்கில் உள்ளன. பழைய மாணவர் சிலர் தம் அலுவலகத்தினின்றும் தருவர். ஃப்ரீடாஸுக்கு அவையே மிகையான ஆற்றலுடையன. முதல் வாரத்தில் எழுதவும் படியெடுக்கவும் பெயரிடவும் பழகுக. இரண்டாம் வாரத்தில் அழித்து மீட்டுக் காண்க. மூன்றாம் வாரத்தில், படகின் டீசல் செலவும் மீன் விற்ற தொகையும் எழுதிய கோப்புகளைக் கோத்து அச்சிடும் தொகுதிக் கட்டளையொன்றைத் தாமே எழுதுக. கட்டளைகளுக்கு ஆங்கிலப் பாடநூல் வேண்டா. தடித்த அட்டையொன்றில் ஒருபுறம் இருபது சொற்களும், மறுபுறம் அவற்றின் பொருள் கடற்கரைத் தமிழிலும் இருந்தாற் போதும். அப்பொருளை எழுதித் தருதற்கு ஜெகதாப்பட்டினத்து மாணவரையே கேட்டல் வேண்டும்.